டேங்கர் கப்பலில் அளவெடுப்பும் மாதிரி எடுப்பும்: அந்த 30 நிமிடம் எதற்காக?

சரக்கு ஆய்வு நிறுவனம் ஒன்றில் பயிற்சி சர்வேயராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். டீசல் ஏற்றி முடிந்தபின் 30 நிமிடம் கழித்தே தொட்டிக்குள் எதையும் இறக்க வேண்டும் என்கிறார்கள். டீசல் எளிதில் தீப்பற்றாத பொருள்தானே, மூத்தவர்கள் சிலர் சொல்வதுபோல் இது வெறும் சம்பிரதாயமா? மூடியைத் திறக்காமல் வால்வு வழியாக எடுக்கும் மாதிரி, திறந்து எடுக்கும் மாதிரிக்கு ஈடாகுமா? ஆவி முகத்தில் அடிக்காமல் இருக்கக் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றால் போதாதா?

நான் பல ஆண்டுகள் டேங்கர் கப்பல்களில் அதிகாரியாகவும், பிறகு கரையில் சரக்கு ஆய்வாளராகவும் வேலை பார்த்தவன். இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்பு விதிகள் ஒரு பக்கம், துல்லியமான அளவு இன்னொரு பக்கம், முன்னதைக் கடைப்பிடித்தால் பின்னதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணம் அது. என் அனுபவம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே இருந்திருக்கிறது. ஆளைக் காப்பாற்றும் பழக்கங்களில் பல, கணக்கையும் சரியாக்குகின்றன. எங்கே அப்படி ஆகவில்லையோ, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்த 30 நிமிடம். எண்ணெய் குழாயில் ஓடும்போது, குழாயின் சுவரோடும் வடிகட்டியோடும் உராய்ந்து மின்னூட்டம் பெறுகிறது. கச்சா எண்ணெயும் கறுப்பு எரியெண்ணெயும் பொதுவாக மின்சாரத்தை ஓரளவு கடத்துவதால், அவற்றில் சேரும் மின்னூட்டம் கப்பலின் உடலுக்குள் உடனுக்குடன் இறங்கிவிடுகிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், சுத்திகரித்த டீசல் ஆகியவை அப்படி இல்லை. ஒரு மீட்டருக்கு 50 பைக்கோ சீமன்ஸ் என்ற அளவுக்கும் குறைவாக மின்கடத்தும் எண்ணெயை மின்னூட்டம் தேக்கி வைக்கும் எண்ணெய் என்று வகைப்படுத்துகிறார்கள். தொட்டிக்குள் வந்து விழுந்த பிறகும் அதன் மேற்பரப்பில் மின்னூட்டம் நெடுநேரம் தங்கி நிற்கும். இத்தகைய எண்ணெயை ஏற்றத் தொடங்கும்போது ஓட்டத்தை நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குள் கட்டுப்படுத்துவதற்கும் இதுவே காரணம். தொட்டியின் அடியில் தண்ணீர் கிடந்து, எண்ணெய் வேகமாகப் பாய்ந்து அதைக் கலக்கிவிட்டால், மின்னூட்டம் பன்மடங்கு பெருகும்.

மின்னூட்டம் தானாகப் பற்றிக்கொள்ளாது. அதற்கு ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நைலான் கயிற்றில் கட்டிய உலோகக் குப்பி ஒன்றை இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பி எண்ணெயைத் தொட்டதும் அதிலுள்ள மின்னூட்டத்தை வாங்கிக்கொள்கிறது. கயிறு மின்சாரத்தைக் கடத்தாததால் அது வெளியேற வழியில்லை. நிரம்பிய குப்பியை மேலே இழுக்கும்போது, திறப்பின் உலோக விளிம்பை அது நெருங்கும் கணத்தில், இரண்டுக்கும் நடுவே பொறி தாவுகிறது. ஆவி மிகுதியாகத் திரண்டு வெளியேறும் இடமும் அந்த விளிம்புதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஏற்றுதல் நின்ற பிறகு மின்னூட்டம் மெல்ல மெல்லக் கப்பலின் உடலுக்குள் இறங்கித் தணிவதற்கான அவகாசமே அந்த 30 நிமிடம். மந்த வாயு, அதாவது ஆக்சிஜன் குறைந்த வாயு, நிரப்பாத தொட்டியில், ஏற்றுதல் நடக்கும்போதும் அது முடிந்து 30 நிமிடம் ஆகும் வரையிலும் உலோகக் குப்பி, உலோக டேப், அளவுக் கோல் எதையும் இறக்கக் கூடாது என்பது டேங்கர்களுக்கும் எண்ணெய் முனையங்களுக்கும் பொதுவான சர்வதேசப் பாதுகாப்புக் கையேட்டின் விதி.

டீசல் தீப்பற்றாதே என்ற கேள்விக்கு வருகிறேன். பெட்ரோலிய ஆவி காற்றில் ஏறத்தாழ 1 முதல் 10 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் எரியும். தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல் உள்ள டீசல், நம் ஊர் வெயிலில்கூட அவ்வளவு ஆவியைத் தானாக எழுப்பாது. ஆனால் அந்தத் தொட்டியில் அதற்கு முன்பு என்ன இருந்தது என்பதே கேள்வி. முந்தைய பயணத்தில் பெட்ரோல் சுமந்து, முழுமையாக ஆவி நீக்காத தொட்டியில் டீசலை ஏற்றினால், மின்னூட்டத்தைத் தேக்கும் எண்ணெய் கீழே, எரியக்கூடிய கலவை மேலே என்ற நிலை உருவாகிறது. பெட்ரோலையே ஏற்றியிருந்தால் ஆவி மிகையாகி எரியும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கவும் கூடும். டீசலோ சரியாக நடுவில் கொண்டுபோய் நிறுத்தி வைக்கிறது. அதனால்தான் ஆய்வுக்குப் போகும்போது நான் முதலில் கேட்டு வாங்கும் தாள், தொட்டிவாரியாகக் கடைசி மூன்று சரக்குகளின் பட்டியல்.

எரியெண்ணெய் விஷயத்திலேயே இது நடந்திருக்கிறது. 1988 ஆகஸ்டில் ஃபியோனா என்ற டேங்கர் எரியெண்ணெயோடு அமெரிக்காவின் நியூயார்க் பகுதிக்கு வந்து சேர்ந்தது. இறக்குவதற்கு முன் தொட்டிகளை அளந்துகொண்டிருந்த வேளையில் வெடிப்பு ஏற்பட்டு, சர்வேயர் ஒருவர் இறந்தார். நிலைமின் பொறியே தீயை மூட்டியது. பிற்பாடு லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், முந்தைய சரக்கான இலேசான எண்ணெயின் மிச்சத்தைக் குழாய்களிலிருந்து சரிவரக் கழுவி நீக்காமல் விட்டது பெரிய காரணமாகக் காணப்பட்டது. எரியெண்ணெய்தானே என்று எல்லோரும் நம்பும் சரக்கு அது. இறந்தவர் செய்துகொண்டிருந்த வேலை, நீங்கள் நாளைக் காலை செய்யப்போகும் அதே வேலை.

ஆகவே கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அல்லேஜ் (அளக்கும் இடத்திலிருந்து எண்ணெயின் மேற்பரப்பு வரை உள்ள வெற்று உயரம்), வெப்பநிலை, தண்ணீர் மட்டம் மூன்றையும் ஒரே டேப்பில் அளக்கும் யூ.டி.ஐ. கருவியில் ஒரு பிணைப்புக் கம்பி தொங்கும். ஆய்வு முனையை உள்ளே இறக்குவதற்கு முன்பே அதைக் கப்பலின் உலோகத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும். முனை முழுவதும் வெளியே வந்த பிறகுதான் கழற்ற வேண்டும். பெயின்ட் பூசிய பரப்பில் கிளிப்பை மாட்டுவது மாட்டாததற்குச் சமம். வால்வில் திருகிப் பொருத்தும் வகையாக இருந்தால் அந்தப் பொருத்தமே பிணைப்பாகிவிடும் என்றாலும், இணைப்பில் துருவோ பழைய எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கயிறு பருத்தி, மணிலா போன்ற இயற்கை நாரால் ஆனதாக இருக்க வேண்டும். செயற்கை இழைக் கயிறு கையுறைக்குள் வேகமாகச் சரியும்போது தானே மின்னூட்டத்தை உண்டாக்கும். அதன் பளபளப்பையும் உறுதியையும் பார்த்துக் கப்பலில் யாராவது அன்போடு எடுத்துக் கொடுப்பார்கள், வாங்க வேண்டாம்.

1 லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள, உலோகப் பாகமே இல்லாத பிளாஸ்டிக் குப்பியை எந்த நேரத்திலும் இறக்கலாம் என்று கையேடு அனுமதிக்கிறது. ஆனால் இறக்குவதற்கு முன் அதை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. சுத்தமாக இருக்கட்டுமே என்று பளிச்சென்று துடைத்து இறக்குகிறவர், தன் கையாலேயே அதில் மின்னூட்டம் ஏற்றி அனுப்புகிறார். சோப்புத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் விடுவதே முறை.

தொட்டியின் அடிவரை இறங்கும் அளவுக் குழாய் இருந்தால், அதன் வழியாக எப்போது வேண்டுமானாலும் உலோகக் கருவியை இறக்கலாம். குழாய்க்குள் இருக்கும் எண்ணெயின் அளவு குறைவு. சுற்றிலும் கப்பலோடு பிணைந்த உலோகச் சுவர் இருப்பதால், பெரிய மேற்பரப்பின் மின்புலம் அங்கே எட்டாது. பாதுகாப்பும் துல்லியமும் ஒன்றோடொன்று மோதும் ஓர் இடம் இது. துளைகளோ பிளவுகளோ இல்லாத குழாயாக இருந்தால், உள்ளே நிற்கும் எண்ணெய் தொட்டியோடு கலப்பதில்லை. அதன் மட்டமும் வெப்பநிலையும் வேறுபடலாம்; அதில் எடுத்த மாதிரி, ஏற்றத் தொடங்கியபோது முதலில் நுழைந்த எண்ணெயின் மாதிரியாகவே இருந்துவிடலாம். அதை வைத்து அளக்க நேர்ந்தால், எப்படி அளந்தோம் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

மந்த வாயு நிரப்பிய தொட்டியில் இந்தக் கவலைகளில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. 1969 டிசம்பரில், மூன்று வாரங்களுக்குள், மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கிங் ஹாக்கோன் ஏழாமவர் பெயரைத் தாங்கிய கப்பல் என மூன்று மாபெரும் டேங்கர்களில் தொட்டி கழுவும்போது வெடிப்பு நிகழ்ந்தது. முதலாவது மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் மூழ்கியே போனது. அழுத்தத்தோடு அடித்த நீரின் நுண்திவலைகள் மின்னூட்டம் பெற்றதே காரணம் என்ற முடிவுக்கு ஆய்வுகள் வந்தன. அதன் பிறகே, ஆக்சிஜன் குறைந்த வாயுவால் தொட்டியை நிரப்பி வைக்கும் ஏற்பாடு பரவலாகி, சர்வதேச உடன்படிக்கையிலும் இடம்பெற்றது. 20,000 டன் சுமைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டேங்கர்களுக்குக் கட்டாயமாக இருந்த விதி, 2016 ஜனவரி 1 முதல் புதிதாகக் கட்டப்படும் கப்பல்களுக்கு 8,000 டன் என்று இறக்கப்பட்டது. ஆக்சிஜன் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெட்ரோலிய ஆவி எரியாது. அதனால் தொட்டியில் 8 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நியதி. கப்பலில் மந்த வாயுக் கருவி இருக்கிறது என்று யாராவது சொல்வதைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். இன்று, இந்தத் தொட்டியில், ஆக்சிஜன் எவ்வளவு என்று, கப்பலில் சரக்குக்குப் பொறுப்பான அதிகாரியாகிய சீஃப் ஆஃபீசரிடம் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய கப்பல்கள், பழைய கப்பல்கள், ரசாயன டேங்கர்கள் பலவற்றில் மந்த வாயு இல்லாமலேயே சரக்கு வரும். 30 நிமிட விதி உயிரோடு இருப்பது அங்கேதான்.

இனி அதே 30 நிமிடம் கணக்குக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஏற்றி முடித்த கணத்தில் எண்ணெயின் மேற்பரப்பு அலைந்துகொண்டிருக்கும். உள்ளே காற்றுக் குமிழ்கள் இருக்கும். மேலே நுரை மிதக்கும். குழாயில் கடைசியாக நின்று காற்றால் தள்ளிய மிச்ச எண்ணெய் அப்போதுதான் வந்து விழுந்திருக்கும். எண்ணெயோடு வந்த தண்ணீர்த் துளிகள் அடியில் படியாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எடுத்த அல்லேஜ் மேற்பரப்பின் அளவா, நுரையின் அளவா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது அளந்தால் அடித்தண்ணீர் குறைவாகத் தெரியும்; இறக்கும் துறைமுகத்தில் அதிகமாகத் தெரியும்; அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு வரும் கடிதத்தில் உங்கள் கையெழுத்தின் நகல் இருக்கும். காத்திருந்து எடுக்கும் அளவு, இரண்டு வகையிலும் நம்மைக் காக்கிறது.

ஒரு மில்லிமீட்டருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தால் இந்த வேலையின் கனம் புரியும். மேற்பரப்பு 400 சதுர மீட்டர் உள்ள தொட்டியில் 1 மில்லிமீட்டர் என்பது 400 லிட்டர். அதனால்தான் ஒரே தொட்டியில் மூன்று முறை அளக்கிறோம். மூன்றும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடியும் அளக்கிறோம். நங்கூரத்தில் கப்பல் ஆடிக்கொண்டிருந்தால், அடுத்தடுத்து ஐந்து முறையாவது எடுத்துச் சராசரி காண்கிறோம். அளக்கும் இடத்திலிருந்து தொட்டியின் அடித்தட்டு வரை உள்ள குறிப்பு உயரத்தைக் கப்பலின் அளவு அட்டவணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். அது பொருந்தவில்லை என்றால், அடியில் படிவு உறைந்திருக்கிறது, அல்லது டேப்பின் குண்டு ஏதோ ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அல்லது வால்வை மாற்றிப் பொருத்தியவர்கள் புத்தகத்தைத் திருத்தவில்லை. மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

கப்பலின் சாய்வையும் மறக்கலாகாது. முன்முனை, பின்முனைச் செங்குத்துக் கோடுகளுக்கு இடையே 174 மீட்டர் நீளமுள்ள கப்பல் பின்பக்கமாக 2 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது என்றும், அளக்கும் இடம் தொட்டியின் நடுவிலிருந்து 8 மீட்டர் பின்னே இருக்கிறது என்றும் கொண்டால், நீங்கள் படிக்கும் மட்டம் உண்மையான சராசரியைவிட 9 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். மேலே சொன்ன தொட்டியில் அது ஏறத்தாழ 37 கனமீட்டர். திருத்த அட்டவணை கையில் இல்லாமல் அல்லேஜை மட்டும் எழுதிக்கொண்டு கரையிறங்குவது, தராசில் தட்டுகளைச் சமன் பாராமல் பொன் நிறுப்பது போன்றது.

வெப்பநிலையில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். டீசல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.083 விழுக்காடு விரிகிறது. 40,000 கனமீட்டர் டீசலில் ஒரு டிகிரி தவறு, 33 கனமீட்டர் தவறு. ஆழம் 3 மீட்டருக்கு மேல் இருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில் எடுக்க வேண்டும். முனையை அந்த மட்டத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேலும் கீழுமாக மெல்ல அசைத்தபடி, எண் நிலைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். கப்பலில் பத்துப் பதினெட்டுத் தொட்டிகள் இருக்கும், மணி நள்ளிரவைத் தாண்டியிருக்கும், முதல் நான்கு தொட்டிகளிலும் ஒரே அளவுதானே வந்தது என்று ஐந்தாவதில் முனையை நிறுத்தாமல் படிக்கத் தோன்றும். பக்கத்துத் தொட்டியில் சூடேற்றிய சரக்கு இருப்பது அப்போதுதான் தெரியாமல் போகும்.

மாதிரி எடுப்பதைப் பற்றிய இரண்டாவது கேள்வி நியாயமானது. மேல், நடு, கீழ் மாதிரி என்றால் ஆழத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் எடுப்பது. 12 மீட்டர் ஆழமுள்ள எண்ணெயில் மேற்பரப்பிலிருந்து 2, 6, 10 மீட்டர் ஆழங்கள். மேலிருந்து கீழாக வரிசையாக எடுத்தால்தான், முதல் குப்பி கலக்கிய எண்ணெயில் அடுத்த குப்பி விழாது. ஓட்ட மாதிரி என்பது திறந்த குப்பியை ஒரே சீரான வேகத்தில் அடிவரை இறக்கி ஏற்றுவது. மேலே வரும்போது குப்பி 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்; வழியில் எங்கோ நிறைந்துவிட்ட குப்பி, அதற்குப் பிறகு கடந்த மட்டங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. அடியில் கிடக்கும் தண்ணீரும் அழுக்கும் இந்த இரண்டு முறைகளிலும் அகப்படாது. அதற்குத் தனியாக அடிமட்ட மாதிரி எடுக்க வேண்டும். எல்லாத் தொட்டிகளுக்கும் சேர்த்து ஒரு கூட்டு மாதிரி தயாரிக்கும்போது, ஒவ்வொன்றின் பங்கும் அந்தத் தொட்டியிலுள்ள சரக்கின் அளவுக்கு விகிதமாக இருக்க வேண்டும். சம அளவில் ஊற்றிக் கலந்துவிடுவது எளிது, ஆனால் தவறு.

மூடிய முறையில், ஆவி வெளியேறாத வால்வின்மேல் மாதிரிக் கருவியைத் திருகிப் பொருத்தி, அதற்குள் இருக்கும் சிறு குப்பியை இறக்கி எடுக்கிறோம். தரத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு குறையும் இல்லை. இலேசான ஆவிப்பகுதி தப்பிப் போகாததால், பெட்ரோலின் ஆவியழுத்தம் போன்ற சோதனைகளுக்கு இதுவே நம்பகமானது. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. குறுகிய வால்வு வழியாக ஒரு முறைக்கு ஏறத்தாழ அரை லிட்டர்தான் கிடைக்கும். வாங்குபவருக்கு, விற்பவருக்கு, கப்பலுக்கு, ஆய்வகத்துக்கு, பாதுகாப்பில் வைப்பதற்கு என்று லிட்டர் கணக்கில் வேண்டும்போது, ஒவ்வொரு தொட்டியிலும் எட்டு, பத்து முறை இறக்க வேண்டியிருக்கும். தொட்டி மூடியைக் கொஞ்சம் திறந்தால் ஒரே குப்பியில் வேலை முடிந்துவிடுமே என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. கேட்கப்படும் மாதிரியின் அளவை முன்கூட்டியே பேசிக் குறைப்பதும், பெரிய துவாரமுள்ள வால்வு எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று கப்பலிடம் முன்பே கேட்டு வைப்பதும் உங்கள் மேலாளர் செய்யக்கூடிய வேலைகள். அவை நடந்திருந்தால் டெக்கில் அந்த ஆசைக்கு இடமே இருக்காது. கருவியின் உட்குழாயை ஒவ்வொரு தொட்டிக்கும் அந்தந்தச் சரக்காலேயே அலசிக் கொட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முன் தொட்டியின் பெட்ரோல் சில துளி விமான எரிபொருள் மாதிரியில் விழுந்தால், நல்ல சரக்கு ஆய்வகத்தில் தோற்றுப் போகும்.

திறந்துதான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் அது சீஃப் ஆஃபீசரின் முடிவு. நீங்களாக ஒரு மூடியையும் தொடக் கூடாது. தொட்டியின் அழுத்தத்தை முதலில் குறைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு தொட்டியை மட்டுமே திறக்க வேண்டும். இடி மின்னல் நெருங்கும்போது வேலையை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி, காற்று. காற்று உங்கள் முதுகில் பட்டு முன்னே போனால் ஆவியும் முன்னே போய்விடும் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் உங்கள் உடல் காற்றுக்குத் தடையாக நிற்பதால், உங்களுக்கு முன்னே ஒரு சுழல் உண்டாகி, திறப்பிலிருந்து எழும் ஆவியை உங்கள் முகத்துக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. ஓடும் ஆற்றில் நிற்கும் தூணுக்குப் பின்னால் சருகு சுழன்றுகொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சுழல்தான். எனவே காற்று உங்கள் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக் குறுக்கே போகும்படி நில்லுங்கள். தலையைத் திறப்பின்மேல் கொண்டுபோகாதீர்கள். காற்றே இல்லாத நாள், காற்றடிக்கும் நாளைவிட ஆபத்தானது.

அந்த ஆவியில் என்ன இருக்கிறது என்பது சரக்கைப் பொறுத்தது. கச்சா எண்ணெயிலும் எரியெண்ணெயிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம். குறைந்த அளவில் அது அழுகிய முட்டையைப் போல நாறும். ஏறத்தாழ 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் சில நிமிடங்களில் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைப்பவர், அதன் நடுவிலேயே நிற்கிறார். 500 பி.பி.எம்.மைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம் வரும். இந்த வேலைக்கு வந்த தொடக்கத்தில், ஒரு கச்சா எண்ணெய்க் கப்பலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சீக்கிரம் முடிக்கலாம் என்று மூடியைத் திறந்து கொடுத்தார்கள்; நானும் மறுக்கவில்லை. இரண்டு குப்பி எடுத்த பிறகு என்னுடன் வந்த உதவியாளர், இப்போது நாற்றமே இல்லை, நல்லதாகப் போயிற்று என்றார். அந்த நேரத்தில் என் சட்டைப் பையிலிருந்த வாயு எச்சரிப்பான் கூவியது. குப்பியை அங்கேயே போட்டுவிட்டுக் குறுக்காக விலகி ஓடினோம். அன்று இரவு முழுவதும் அவருக்குத் தலைவலியும் கண்ணெரிச்சலும் நீடித்தன. அவர் சொன்ன அந்த வார்த்தைகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. எச்சரிப்பானை இடுப்பில் மாட்டாமல், மூக்குக்கு அருகில், மார்புப் பட்டியில் மாட்டுங்கள்.

பெட்ரோலிலும் நாஃப்தாவிலும் இருக்கும் பென்சீனுக்கு அப்படிக் கூவும் சாதாரண எச்சரிப்பான் இல்லை. அது ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோயாக வரக்கூடியது. மூடிய முறையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குத் தீயைவிடவும் பெரிய காரணம் இதுதான் என்றுகூடச் சொல்வேன். தீ விபத்து அரிது. ஆவியை முகர்வது அன்றாடம். நைட்ரஜன் நிரப்பிய தொட்டிகளில் வேறொரு ஆபத்து இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. திறப்பின்மேல் குனிபவருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது, அவ்வளவுதான். சமையல் எண்ணெய் சுமந்த தொட்டியை யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் அதுவும் மூடிக் கிடக்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். விழுந்த டேப் குண்டை எடுக்க, குப்பியை எடுக்க, எதற்காகவும் தொட்டிக்குள் தலையையோ காலையோ விடாதீர்கள்.

சென்னை போன்ற துறைமுகங்களில் பாமாயில் கப்பலும் உங்கள் பங்குக்கு வரும் என்பதால் ஒரு சொல். இறக்கும்போது அது 50 முதல் 55 டிகிரி வரை இருக்க வேண்டும். சூடு போதாத தொட்டியில் கெட்டியான பகுதி அடியில் இறங்கி உறைந்துவிடும். மேலே எடுத்த மாதிரி தெளிந்த எண்ணெயாக அழகாக இருக்கும், உண்மையைச் சொல்லாது. அங்கே எல்லா மட்டங்களிலும் எடுப்பதும் அடியில் தட்டிப் பார்ப்பதுமே வழி.

ரசாயன டேங்கர்களில் வெப்பநிலை என்பது கணக்குக்கு மட்டும் உரியதன்று. 2019 செப்டம்பர் 28 அன்று, தென் கொரியாவின் உல்சான் துறைமுகத்தில் ஸ்டோல்ட் குரோன்லாண்ட் என்ற கப்பலில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் இருந்த தொட்டி வெடித்தது. பக்கத்துத் தொட்டிகளில் சூடாக வைத்திருந்த சரக்குகளின் வெப்பம் ஸ்டைரீனுக்குப் பரவி, அது தனக்குள்ளேயே பிணைந்து கெட்டிப்படும் வினையைத் தொடங்கிவிட்டது. அந்த வினை மேலும் வெப்பத்தை வெளிவிடும் தன்மையது. சரக்கின் வெப்பநிலை கண்காணிக்கப்படவில்லை என்பதை பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சுட்டிக்காட்டியது. இப்படிப்பட்ட சரக்கில் நீங்கள் எழுதும் எண் நேற்றைய எண்ணைவிட ஏறியிருந்தால், அதை அறிக்கையில் எழுதி வைத்துக்கொண்டு நகராதீர்கள். அந்த நிமிடமே சீஃப் ஆஃபீசரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எடுத்த மாதிரிகளைக் கொண்டுவருவதிலும் விபத்துகள் நேர்கின்றன. குப்பிகளை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வெயிலில் எண்ணெய் விரியும். இரண்டு கைகளும் கைப்பிடிக்கு வேண்டும், ஆகவே குப்பிகளைத் தடுப்புகள் உள்ள பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டி ஏணியில் இறங்குங்கள். வெளிநங்கூரத்தில் கயிற்றேணி என்றால், மாதிரிப் பெட்டி உங்கள் உடம்பில் இருக்கவே கூடாது. தனிக் கயிற்றில் படகுக்கு இறக்கச் சொல்லுங்கள். முத்திரை எண், நேரம், தொட்டி எண், எடுத்த முறை ஆகியவற்றைத் தொட்டியருகிலேயே சீட்டில் எழுதுங்கள். கேபினில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய சீட்டுகள் பின்னால் வழக்குகளில் என்ன பாடு படுகின்றன என்று நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மூத்தவர்கள் சிலர் 30 நிமிடத்தைச் சம்பிரதாயம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. படகு காத்திருக்கிறது, கப்பலைத் துறைமுகத்திலிருந்து வழிநடத்தும் பைலட் வரப்போகிறார், அலை ஏற்றம் தவறினால் கப்பல் அரை நாள் நின்றுவிடும் என்ற நெருக்கடியில் பேசுகிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. ஏற்றுதல் நின்ற நேரத்தைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதி, சீஃப் ஆஃபீசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த வரியில், முதல் முனையை இறக்கப்போகும் நேரத்தை இப்போதே எழுதிக் காட்டுங்கள். அந்த இடைவெளியில் குறிப்பு உயரங்களையும் கப்பலின் முன்பின் தாழ்வையும் பதிவு செய்யுங்கள், பிணைப்புக் கம்பியைச் சோதியுங்கள், குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுங்கள். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்க்கும்போது 30 நிமிடம் ஆகியிருக்கும்.